ஊரும் பள்ளியும்

குற்றால மலையினின்று இழிந்து வரும் சிற்றாறு தென்காசியைத் தழுவிச் செல்கின்றது. அவ்வூரில் உலகம்மையுடன் விசுவநாதர் எழுந்தருளியிருக்கும் திருக்கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எடுப்பித்தவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். அவன் தன் புகழைக் கல்லில் வெட்டுவித்ததோடு அமையவில்லை. பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஒரு குறை நேருமாயின், அதனைத் திருத்திக் காப்போர் எவரோ, அவர்தம் அடிகளைத் தான் வணங்குவதாகவும் கல்வெட்டில் பொறித்து வைத்தான். முடிமன்னன் ஒருவன் முகமறியாத பின்னோரை வணங்கியது ஏன்? கட்டுதல் ஒருவரால் ஆகும். காத்தல் பலரால்தான் ஆகும் என்பதனை அவன் அறிந்திருந்தான். அக்கோயிலின் கோபுரம் பின்னாளில் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாய் நின்று, 1990 ஆம் ஆண்டில் அன்பர் பலர் முயற்சியால் மீண்டும் நிமிர்ந்தது.

கோயிலுக்குப் பாண்டியன் வேண்டியதனைப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியவர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே காமராசர்.

தென்காசிக்கு வடகிழக்கே உள்ள விருதுபட்டியில், 1903 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15 ஆம் நாள், குமாரசாமி, சிவகாமி அம்மாள் என்போர்க்கு மகனாகக் காமராசர் பிறந்தார். அவ்வூரே இந்நாளில் விருதுநகர் எனப்படுவது. ஆறு வயதளவில் அவர் தந்தையை இழந்தார். தாயார் எளிய வருவாயைக்கொண்டு மகனையும் மகளையும் வளர்த்தார்.

காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலையின் வரலாறு அறியத்தக்கது. அவ்வூர் மக்கள் தாமே கூடி, 1889 ஆம் ஆண்டில் அப்பள்ளியைத் தோற்றுவித்தனர். அதனை நடத்துவதற்குப் பிடியரிசி என்னும் முறையைக் கைக்கொண்டனர். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் இல்லத்தரசி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே ஒரு கலத்தில் இடுவாள். அவ்வாறு சேர்ந்த அரிசியை வீடுதோறும் திரட்டி, விற்று, வந்த பொருளைப் பள்ளிக்குச் செலவிட்டனர். ஒரு பிடி குறைந்ததனால் எந்த வீட்டிலும் எவரும் பட்டினி கிடந்ததில்லை. ஆனால் அப்பிடியை இடுந்தோறும் அவ்வீட்டாருக்குப் பள்ளியின் நினைவு வந்தது. அரிசியினும் அந்நினைவே பெரிது எனல் வேண்டும்.

அப்பள்ளியில் நிகழ்ந்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. பிள்ளையார் சதுர்த்திக்கு மாணவரிடம் காசு திரட்டிப் பூசை செய்தனர். பின்னர்ப் பண்டங்களைப் பங்கிடுகையில் பிள்ளைகள் முட்டி மோதிப் பெற்றனர். சிறுவர் காமராசர் ஒதுங்கி நின்று, முடிவில் கிடைத்த சிறு பங்குடன் வீடு வந்தார். வீட்டார் வினவியபோது, எல்லாரும் ஒரே அளவாகக் காசு கொடுத்திருக்க, ஒரே அளவாகப் பங்கிடுதல் ஆசிரியர் கடனன்றோ என்று விடையிறுத்தாராம். இந்நிகழ்ச்சி நடந்தவாறே சொல்லப்படுகிறதோ, பிற்காலத்தார் அன்பினால் மெருகிட்டதோ, அறியோம். ஆயினும், பின்னாளில் பள்ளிப் பிள்ளைகள் அனைவரையும் ஒரே வரிசையில் அமர்த்தி உணவிட்டவரின் இளமைக்கு இது பொருந்தாமற் போகவில்லை.

குடும்ப நிலை காரணமாக அவர் படிப்பு இடையிலேயே நின்றது. தாய்மாமனின் துணிக்கடையில் அமர்ந்தார். நாட்டு விடுதலைப் போரில் ஈடுபட்டார். 1930 ஆம் ஆண்டின் உப்பு அறப்போரில் தொடங்கிப் பன்முறை சிறை புகுந்தார். 1940 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவரானார். இவையெல்லாம் பலரும் அறிந்தவை.

1954 ஆம் ஆண்டு ஏப்பிரல் 13 ஆம் நாள் அவர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். அதற்கு முந்திய ஆண்டில் தொடக்கக் கல்வியில் ஒரு புதுத் திட்டம் புகுத்தப்பட்டிருந்தது. பிள்ளைகள் அரைநாள் பள்ளியில் பயின்று, எஞ்சிய பொழுதில் பெற்றோரிடம் அவர்தம் தொழிலைக் கற்றல் வேண்டும் என்பது அது. வீட்டையும் பள்ளியையும் இணைக்கும் கருத்து அதன்கண்ணும் இருந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆனால், தந்தையின் ஏருக்கும் தறிக்குமே மகனைத் திருப்பி அனுப்பும் வழி அது என்று மக்கள் கொதித்தனர். காமராசர் அவ்வாண்டிலேயே அத்திட்டத்தைக் கைவிட்டார். மகனைத் தந்தையின் தொழிலுக்கு அனுப்புவதை விடுத்து, தந்தையை மகனின் பள்ளிக்கு அழைத்து வருவதே அவர் பின்னர்க் கண்ட வழி.

அஃது எளிதன்று. குற்றாலச் சாரல் தொடங்கும் ஆனி, ஆடித் திங்களில்தான் தென்காசி வட்டாரத்து வயல்களில் கார் நடவு நடைபெறும். பள்ளி திறந்து சில நாளே ஆகியிருக்கும். தாய் நடவுக்குச் சென்றால் கைக்குழந்தையை இடுப்பிற் சுமந்து காப்பவள் மூத்த மகள்; மாடு மேய்ப்பவன் மகன். பீடித் தொழில் பரவிய ஊர்களிலோ, சிறு விரல்களும் இலைச் சுருளின் முனையை மடக்கின. பிள்ளையைப் பள்ளிக்கு விடுத்தால் ஒரு கைப்பிழைப்புக் குறையும்; பிள்ளை வீடு திரும்பினால் ஒரு வயிற்றுக்குச் சோறும் வேண்டும். ஏழைப் பெற்றோரைக் கல்வியின் அருமை அறியாதவர் என்று பழிப்பது எளிது. அவர்கள் போட்ட கணக்கில் பிழை இல்லை.

அக்கணக்கைக் காமராசர் கண்டறிந்த இடமாகச் சொல்லப்படுவதும் இப்பகுதியே. திருநெல்வேலியினின்று தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் சேரன்மாதேவி என்னும் ஊர் உள்ளது. அங்கே, மூடிய கடவின் அருகே அவர் வண்டி நின்றது. மாடு மேய்த்த சிறுவன் ஒருவனை அழைத்து, பள்ளிக்குச் செல்லாதது ஏன் என்று வினவினார். சென்றால் சோறு நீரா தருவீர் என்று அவன் திருப்பிக் கேட்டானாம். அக்கேள்வியை அவர் மறக்கவில்லை என்பர்.

கல்வித்துறையின் இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவருக்கு உறுதுணையாயினார். 1956 ஆம் ஆண்டில் பள்ளிப் பகலுணவுத் திட்டம் தொடங்கிற்று. பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் அதனைக் காமராசர் தொடங்கி வைத்தார். இதற்காக ஊர் ஊராகச் சென்று இரந்து பொருள் திரட்டவும் தாம் அணியம் என்று அவர் அறிவித்தார். முதலில் ஊரார் தந்த அரிசியும் விறகும் காய்கறியுமே அடுப்பை எரித்தன. 1957 ஆம் ஆண்டு நவம்பர் முதல் அரசு பங்கேற்றது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளை உணவுக்குப் 10 காசு. அதில் அரசு 6 காசும் ஊரார் 4 காசும் தருதல் வேண்டும். 1957-58 ஆம் ஆண்டில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் உண்டனர்.

அந்த 4 காசில்தான் சூழ்ச்சித்திறன் இருந்தது. அரசே முழுதும் தந்திருந்தால் ஊரார் வாயிலில் நின்று பார்த்துச் சென்றிருப்பர். தாம் தந்த காசு ஆதலின், சோறு வெந்ததா, ஆசிரியர் வந்தாரா, எத்தனை பிள்ளைகள் உண்டனர் என்று உள்ளே வந்து வினவினர். விருதுபட்டியின் பிடியரிசி நாடெங்கும் பரவிற்று என்றே கூறலாம்.

இதன் அடுத்த படியாக, 1958 ஆம் ஆண்டில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. தலைமையாசிரியர் தம் பள்ளியின் குறைகளைப் பட்டியலிடுவார். ஒழுகும் கூரை, இல்லாத கரும்பலகை, நீர்ப்பானை, கடிகாரம், விளையாட்டுத் திடல் என அது நீளும். ஊர்ப் பெரியோரும் பெற்றோரும் கூடி, இன்னது என் பொறுப்பு என்று ஒவ்வொருவராக ஏற்பர். பணமுடையார் கட்டடம் தந்தனர். தச்சர் பலகை இழைத்தார். ஏதும் அற்றவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர். ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடைகளும் இவ்வாறே வந்தன. மாநாடுகள் பலவற்றிற்குக் காமராசர் நேரிற் சென்று, தந்தவரைப் பாராட்டினார்.

பெற்றோரும் ஆசிரியரும் கூடும் அமைப்பை இக்காலத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகம் என்கிறோம். கழகம் என்னும் சொல்லைத் திருவள்ளுவர் சூதாடும் இடத்துக்கு வழங்கினார். கம்பரோ இளைஞர் கலை பயிலும் இடத்துக்கு வழங்கினார். கூடுவோர் கருத்தை ஒட்டியே சொல்லும் நிறம் மாறுகிறது போலும்.

இம்முறையில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆற்றுப் பாய்ச்சலுள்ள ஊர் எளிதில் தந்தது; வானம் பார்த்த ஊர் திணறியது. மழை பொய்த்த ஆண்டில் 4 காசும் மலையாயிற்று. மேலும், தருபவர் கை ஓங்கும் இடத்தில் ஏழைப் பெற்றோரின் குரல் தாழ்தல் இயல்பு. நன்கொடைப் பலகையில் பெயர் எழுதப்பெற்றவர் முன்வரிசையில் அமர, நடவு முடித்துச் சேற்றுக் காலுடன் வந்த தாய் வாயிலருகே நின்றிருப்பாள். அவளை உள்ளே அழைத்து அமர்த்தும் பணி காமராசர் காலத்தில் முற்றுப்பெறவில்லை.

1963 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் காமராசர் தாமே முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1975 ஆம் ஆண்டில், அதே அக்டோபர் 2 ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் பிறந்த நாள் தமிழகப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1982 ஆம் ஆண்டில் பகலுணவு சத்துணவாக விரிந்தது. 2022 ஆம் ஆண்டில் காலை உணவும் சேர்ந்தது. அடுப்புச் செலவு ஊராரை விட்டு அரசிடம் சென்றது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயும், உறுப்பினருள் பாதியினர் பெண்டிராயும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. 2019 ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டமாக விளங்கும் தென்காசியின் மலையடிவாரத்து ஊர்களில், ஆடிச் சாரலில் நடவு முடித்து வரும் தாய் இன்று அக்குழுவின் உறுப்பினர் ஆகலாம், தலைவரும் ஆகலாம்.