துணி வணிகர் கண்ட நுண்ணுலகம்

தமிழ்த் துறை வெளியிடும் மலரில் பாக்டீரியாவுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. ஆயினும் பாக்டீரியாவை உலகில் முதன்முதலாகக் கண்டவர் பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்தவரல்லர். அக்காலத்து அறிஞர் மொழியாகிய இலத்தீனை அறிந்தவருமல்லர். தாம் கண்டவற்றையெல்லாம் தம் தாய்மொழியாகிய டச்சு மொழியில், கடைத்தெருவில் வழங்கும் எளிய நடையில் எழுதியவர். ஆதலின் ஆன்டனி வான் லீவன்ஹூக் என்னும் அப்பெருமகனாரின் வரலாறு தமிழ் பயில்வோர்க்கும் உரியதே.

நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் 1632 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் அவர் பிறந்தார். யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் சூட்டிய டெல்ஃப்ட் என்னும் பெயர் இந்நகரின் பெயரேயாகும். தந்தையார் கூடை முடைபவர். மகன் சிறுவனாயிருந்தபோதே அவர் மறைந்தார். பதினாறாம் வயதில் ஆம்ஸ்டர்டாம் சென்று ஒரு துணிக்கடையில் தொழில் பயின்ற லீவன்ஹூக், 1654 இல் ஊர் திரும்பி மணம் புரிந்து, சொந்தத் துணிக்கடை தொடங்கினார். பின்னர் நகர மன்றத்தில் ஒரு சிறு பதவியும் வாய்த்தது. பிறந்த மக்கள் ஐவருள் மரியா என்னும் மகள் ஒருத்தியே பிழைத்தாள். முதல் மனைவியும் 1666 இல் இறந்தார். இவ்வளவில் நின்றிருந்தால், ஊர்ப் பதிவேட்டைத் தாண்டி அவர் பெயர் எங்கும் சென்றிராது.

துணியின் இழை நெருக்கத்தைக் காண வணிகர்கள் உருப்பெருக்குக் கண்ணாடியைப் பயன்படுத்துவது வழக்கம். அக்கண்ணாடியே இவரை வேறோர் உலகத்துக்கு அழைத்துச் சென்றது போலும். பட்டாணியினும் சிறிய வில்லை ஒன்றைத் தாமே செய்து, இரு சிறு பித்தளைத் தகடுகளுக்கிடையே பதித்து, பார்க்க வேண்டிய பொருளை ஓர் ஊசி முனையில் நிறுத்தி, கண்ணோடு ஒட்டப் பிடித்து நோக்குவார். உள்ளங்கையில் அடங்கும் கருவி அது. இன்று எஞ்சியுள்ளவற்றுள் ஆற்றல் மிக்கது பொருளை ஏறத்தாழ 266 மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. அக்காலத்தில் பிறர் கையாண்ட பல வில்லை நுண்ணோக்கிகள் இதற்கு அருகிலும் வர இயலவில்லை.

ரெய்னியர் டி கிராஃப் என்னும் மருத்துவர் 1673 இல் இவரை இலண்டன் அரச கழகத்துக்கு அறிமுகம் செய்தார். அதுமுதல் இறுதி நாள் வரை கடிதங்களே இவருடைய நூல்கள். நூல் என்று தனியே ஒன்றையும் இவர் எழுதினாரில்லை. அடுத்த ஆண்டு, ஊருக்கு அருகிலுள்ள ஏரியின் நீரில் நீந்தித் திரியும் நுண்ணுயிர்களைக் கண்டார். எனினும் பாக்டீரியாவை அவருக்குக் காட்டியது மிளகேயாகும். மிளகு ஏன் காரமாயிருக்கிறது? அதன் துகள்களில் நாவைக் குத்தும் கூர்முனைகள் உளவோ? இவ்வையத்தைத் தீர்க்க, கீழை நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த மிளகை நீரில் ஊறவைத்தார். சில வாரங்கள் கழிந்து, 1676 ஏப்ரல் 24 அன்று அந்நீரை நோக்கியபோது கூர்முனை எதுவும் தென்படவில்லை. கணக்கற்ற உயிர்களே தென்பட்டன. காரத்தின் காரணம் தேடியவருக்கு உயிரின் ஓர் இனமே கிட்டியது!

அவை எவ்வளவு சிறியவை? இன்றைய மாணவரும் முதலில் கேட்கும் வினா இதுவே. லீவன்ஹூக்கிடம் அளவுகோல் இல்லை, மணல் இருந்தது. அவற்றுள் மிகச் சிறியவை நூற்றினை வரிசையாக நீட்டி வைத்தாலும் ஒரு பருமணலின் நீளத்தை எட்டா என்று மதிப்பிட்டார். நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் நூறு நூறாகப் பெருக்கி, பத்து இலட்சம் உயிர்கள் ஒரு மணலுக்கு ஈடாகும் எனக் கணக்கிட்டார். பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் சில பங்கு வரை நீளமுடையவை என நாம் இன்று அறிவோம். அம்மதிப்பீடு வியக்கத்தக்க அளவு உண்மையை நெருங்கியது.

அரச கழகத்தார் நம்பவில்லை. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு துளி நீரில் இலட்சக்கணக்கான உயிர்கள் என்று ஒரு துணி வணிகர் எழுதினால் யார்தான் நம்புவர்? லீவன்ஹூக் சினந்தாரில்லை. சமயப் போதகர் உள்ளிட்ட எண்மரை அழைத்துத் தம் கருவி வழியே காணச் செய்து, அவர்தம் சான்றுரைகளை அனுப்பி வைத்தார். 1677 நவம்பரில் இராபர்ட் ஹூக் தாமே மிளகு நீர் தயாரித்து, கழகத்தார் கண்முன் அவ்வுயிர்களைக் காட்டினார். ஐயம் அகன்றது. 1680 இல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கிக் கொண்டது.

பாக்டீரியாக்கள் எங்கே வாழ்கின்றன என்பதற்கு அவர் தம் வாயையே சான்றாக்கினார். நாள்தோறும் காலையில் உப்பினால் பல் தேய்க்கும் பழக்கமுடையவர் அவர். அப்படியும் பல்லிடுக்கில் படிந்த வெண்மாவை எடுத்து நோக்கியபோது, கோல் வடிவிலும் சுருள் வடிவிலும் உயிர்கள் விரைந்தோடக் கண்டு 1683 இல் எழுதினார். வாழ்நாளில் பல்லே துலக்காத முதியவர் ஒருவரின் வாயையும் விட்டுவைத்தாரில்லை. தம் நாட்டு மக்கள் தொகையினும் ஒருவர் வாயில் வாழும் உயிர்களின் தொகை மிகுதி என்று அவர் கணித்தது வெறும் வேடிக்கையன்று. ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாக 2016 இல் வெளிவந்த மதிப்பீடு கூறுகிறது. அவற்றுள் பெரும்பகுதி குடலில் வாழ்ந்து நமக்குத் தீங்கின்றி, சில வேளை நன்மையும் செய்வன.

அவ்வாராய்ச்சியில் மற்றொரு நுட்பமும் உண்டு. பல்மாவை வெளியே எடுத்து அதில் காடி கலந்தால் உயிர்கள் மடிந்தன. காடியால் வாய் கொப்பளித்தாலோ, படிவின் உள்ளே இருந்தவை மடியவில்லை. காடி மேற்பரப்பைத் தாண்டி உள்ளே செல்வதில்லை என அவர் முடிவு கட்டினார். பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாய் வாழும்போது மருந்துக்கு எளிதில் பணிவதில்லை என்னும் இக்கால மருத்துவரின் கவலைக்கு வித்து இங்கே இருக்கிறது. பின்னொரு நாள் முன்பற்களில் உயிர் ஓட்டம் இல்லாதிருக்கக் கண்டு, தாம் பருகிய சூடான காப்பியே அவற்றைக் கொன்றது என்றும் உய்த்துணர்ந்தார். பால் காய்ச்சும் நம் இல்லத்தரசியர் நாள்தோறும் செய்வதும் இதுவே.

காற்றின்றி உயிர் வாழுமா? 1680 இல் மிளகுத் தூளும் மழைநீரும் இட்ட கண்ணாடிக் குழாயின் வாயைத் தீயில் உருக்கி அடைத்தார். உள்ளே எதுவும் பிழைக்காது என்றே எண்ணினார். சில நாள் கழித்துத் திறந்தால், அங்கும் உயிர்கள் இயங்கின. தம் எண்ணம் பொய்த்ததை மறைக்காமல் அப்படியே எழுதி அனுப்பினார். காற்றின்றி வாழும் நுண்ணுயிர்களை லூயி பாஸ்டர் விளக்கியது 1861 இல்தான். 1913 இல் டெல்ஃப்ட் நகரப் பேராசிரியர் பைஜரிங்க் அதே ஆய்வை அதே முறையில் மீண்டும் செய்து, துணி வணிகர் கண்டது மெய்யே என்று காட்டினார்.

அவருக்குப் பிடிபடாதவையும் உண்டு. பாக்டீரியா ஒன்று இரண்டாகப் பிளந்தே பெருகுகிறது. ஏற்ற சூழலில் சில வகைகளுக்கு இதற்கு இருபது நிமிடம் போதும். அக்கணக்கில் பத்து மணி நேரத்தில் ஒன்று 107 கோடியாகிவிடும். உணவு தீர்ந்து, கழிவும் சேர்வதாலேயே உலகம் அவற்றால் நிரம்பிவிடவில்லை. இதனை அவர் அறியார். நோய்க்கும் இவ்வுயிர்களுக்கும் உள்ள தொடர்பும் அவர் கருத்தில் எழவில்லை.

பேரரசர் பீட்டர் 1698 இல் அவரைக் காண வந்தார். விலாங்கின் வாலில் குருதி ஓடுவதைக் கண்டு மகிழ்ந்தார். இப்படி வந்தோர் பலர். ஆனால், வந்தவர்க்கெல்லாம் சாதாரணக் கருவிகளையே காட்டி, மிகச் சிறந்தவற்றைத் தமக்கென வைத்துக்கொண்டார் லீவன்ஹூக். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வில்லைகள் செய்தவர், அவற்றைச் செய்யும் முறையை ஒருவருக்கும் சொன்னாரில்லை. இளைஞர்களைப் பயிற்றுமாறு தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் வேண்டினார். பொறுமையும் பொருளும் செலவிட்டு இதில் நிலைப்போர் அரியர் என்று காரணம் காட்டி 1715 இல் அதனையும் மறுத்தார். இவ்வளவு எளிய மொழியில் உலகத்தோடு பேசியவர் இவ்வொன்றில் மட்டும் வாய் திறவாதது ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு எளிதில் செரிப்பதன்று.

1723 ஆகஸ்டு 26 அன்று, தொண்ணூறாம் வயதில் அவர் காலமானார். படுக்கையில் கிடந்தபோதும் தம் உதரவிதானத்தின் துடிப்பைக் கூர்ந்து கவனித்து எழுதுவித்தார். தந்தையைப் பேணி மணமின்றி வாழ்ந்த மரியா, அவர் விருப்பப்படி 26 வெள்ளி நுண்ணோக்கிகளை இலண்டனுக்கு அனுப்பினாள். அவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரச கழகத்திலிருந்து காணாமற் போயின. ஏனையவை ஏலத்தில் சிதறின. நுண்ணுயிர்களைப் பற்றிய அறிவோ நெடுங்காலம் அதிகம் முன்னேறவில்லை. அடைப்பான் நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியாவே என்று இராபர்ட் கோக் நிறுவியது 1876 இல். மிளகு நீர் கண்ட நாளிலிருந்து சரியாக இருநூறு ஆண்டுகள். அவ்விடைவெளியில் வாந்திபேதியாலும் காசநோயாலும் மடிந்தோர் எத்தனை பேரோ! பழி முழுதும் அவருடையதன்று. ஆயினும் ஒரு மாணவரையேனும் அவர் விட்டுச் சென்றிருக்கலாம்.

மறைத்த முறைதான் யாது? உத்ரெக்ட் நகர அருங்காட்சியகத்தில் உள்ள அந்த 266 மடங்குக் கருவியைப் பிரித்துப் பார்க்க எவரும் துணியவில்லை. 2021 இல் டச்சு ஆய்வாளர்கள் நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி, தகடுகளுக்குள் இருக்கும் வில்லையின் முழு வடிவத்தைக் கண்டனர். அது சாணை பிடித்துத் தேய்த்ததன்று. கண்ணாடி இழையின் நுனியைத் தீயில் உருக்கித் திரட்டிய சிறு உருண்டை. அம்முறையை இராபர்ட் ஹூக் 1665 இலேயே தம் நூலின் முன்னுரையில் எல்லாரும் அறிய அச்சிட்டிருந்தார்.