யூஜின் கிறிஸ்தோஃப்

யூஜின் கிறிஸ்தோஃப் (ஜனவரி 22, 1885 – பெப்ரவரி 1, 1970) பிரான்சு நாட்டைச் சேர்ந்த மிதிவண்டிப் பந்தய வீரர் ஆவார். டூர் டி பிரான்சு பந்தயத்தில் முதலிடத்தில் உள்ள வீரர் அணியும் மஞ்சள் சட்டையை முதன்முதலில் அணிந்தவராக இவர் அறியப்படுகிறார். இப்பந்தயத்தில் 11 முறை பங்குபற்றி 8 முறை இறுதிவரை ஓட்டி முடித்தார். ஆயினும் ஒரு முறையேனும் பட்டத்தை வெல்லவில்லை. 1913, 1919, 1922 ஆகிய மூன்று ஆண்டுகளில் இவரது மிதிவண்டியின் முன்கவை (போர்க்) பந்தயத்தின் நடுவே உடைந்துபோனது. 1913 ஆம் ஆண்டில் பைரனீசு மலைச் சிற்றூர் ஒன்றின் கொல்லுப்பட்டறையில் அதைத் தம் கையாலேயே செப்பனிட்டுப் பந்தயத்தைத் தொடர்ந்த நிகழ்வு, மிதிவண்டிப் பந்தய வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட நிகழ்வுகளுள் ஒன்றாகும்.

இளமையும் தொழிலும்

கிறிஸ்தோஃப் பாரிசு நகரை அடுத்த மலகோஃப் என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் பூட்டுச் செய்யும் தொழிலைக் கற்றார். இரும்பைக் காய்ச்சவும், அடிக்கவும், அராவிப் பொருத்தவும் அறிந்திருந்தமை பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது. 1904 முதல் 1926 வரை பந்தய வீரராக விளங்கினார். அவரது அடர்ந்த மீசையின் காரணமாக முதிய கால் வீரர் என்னும் பொருள்படும் பட்டப்பெயர் ஒன்று அவருக்கு வழங்கியது. பிரான்சு நிலப்பகுதியில் பண்டைக் காலத்தில் வாழ்ந்த மக்களே கால் இனத்தவர் ஆவர்.

அக்காலச் சாலைகளும் மிதிவண்டிகளும்

கிறிஸ்தோஃபின் வாழ்வை விளங்கிக்கொள்ள அக்காலப் பந்தயங்களின் இயல்பை அறிதல் வேண்டும். முதலாம் உலகப் போருக்கு முந்தைய மலைச்சாலைகள் தார் இடப்பட்டவை அல்ல. மண்ணும் சரளைக்கல்லும் பரவிய அப்பாதைகள் மழைக்காலத்தில் சேறாகவும், கோடையில் புழுதியாகவும் இருந்தன. நகர்ப்புறங்களில் கருங்கல் பாவிய தெருக்களைக் கடக்க வேண்டியிருந்தது. டூர் டி பிரான்சு 1910 ஆம் ஆண்டில் பைரனீசு மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களுக்கும், 1911 ஆம் ஆண்டில் ஆல்ப்சு மலைத்தொடரின் கலிபியே கணவாய்க்கும் கொண்டுசெல்லப்பட்டது. ஒரே நாளில் 300 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவை வீரர்கள் கடந்தனர். பல கட்டங்கள் நள்ளிரவிலோ விடியலுக்கு முன்போ தொடங்கின.

மிதிவண்டிகளில் இன்றுள்ளது போன்ற பற்சக்கர மாற்றி இல்லை. பின்சக்கரத்தின் இரு புறமும் வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்கள் பொருத்தப்பட்டிருக்கும். ஏற்றம் வரும்போது வீரர் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பொருத்திக்கொண்டு ஏற வேண்டும். உச்சியை அடைந்த பின் மீண்டும் அவ்வாறே செய்து இறங்க வேண்டும். பஞ்சரானால் மாற்றிக்கொள்வதற்கான டயர்களை வீரர்கள் தோளில் குறுக்காக மாட்டிச் சென்றனர். செலுத்துகையில் பற்சக்கர மாற்றியைப் பயன்படுத்த டூர் டி பிரான்சு வீரர்களுக்கு 1937 ஆம் ஆண்டிலேயே இசைவு கிடைத்தது.

பந்தயத்தை நிறுவி நடத்திய ஆன்றி டெகிராஞ்சு, வெற்றி வீரரின் உடல் வலிமைக்கும் மன உறுதிக்கும் மட்டுமே உரியதாக இருக்க வேண்டும் எனக் கருதினார். எனவே வழியில் எவருடைய உதவியையும் பெறலாகாது என்பதும், பழுதை வீரரே நீக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் கண்டிப்பான விதிகளாயின.

சேற்றிலும் பனியிலும்

வயல், காடு, சேறு, மேடு ஆகியவற்றின் ஊடே ஓட்டியும், ஓட்ட இயலாத இடங்களில் வண்டியைத் தோளில் சுமந்து ஓடியும் கடக்கும் சைக்ளோகிராசு போட்டியில் கிறிஸ்தோஃப் தேர்ந்து விளங்கினார். பிரான்சின் தேசியப் பட்டத்தை 1909 முதல் 1914 வரை தொடர்ந்து ஆறு முறையும், 1921 இல் ஏழாம் முறையும் வென்றார்.

1910 ஆம் ஆண்டு ஏப்ரல் 3 இல் இத்தாலியில் நடைபெற்ற மிலான் – சான் ரெமோ பந்தயம் கடும் பனிப்பொழிவில் சிக்கியது. துர்க்கீனோ கணவாயில் பாதையைப் பனி மூடியது. குளிரால் கைகால் விறைத்துப் போன கிறிஸ்தோஃப் வழியில் ஒரு விடுதியில் ஒதுங்கி உடலைச் சூடேற்றிக்கொண்டு மீண்டும் புறப்பட்டார். சுமார் 290 கி.மீ. தொலைவை 12 மணி 24 நிமிடங்களில் கடந்து முதலாவதாக வந்தார். இரண்டாமவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே வந்து சேர்ந்தார். முடிவுப் பட்டியலில் இடம்பெற்றோர் நால்வர் மட்டுமே. இதன் பின் கிறிஸ்தோஃப் ஒரு மாத காலம் மருத்துவமனையில் இருந்தார். பழைய உடல்நிலையை அடைய அவருக்கு நீண்ட காலம் ஆயிற்று.

1912 ஆம் ஆண்டு டூர் டி பிரான்சில் தொடர்ந்து மூன்று கட்டங்களை வென்றார். அவற்றுள் ஷமோனி – கிரெனோபிள் கட்டத்தில் 315 கி.மீ. தொலைவைத் தனியாக முன்னோடிக் கடந்தார். அக்காலத்தில் மொத்த நேரத்தைக் கொண்டு அல்லாமல், ஒவ்வொரு கட்டத்திலும் பெற்ற இடத்திற்கான புள்ளிகளைக் கொண்டு வெற்றி முடிவு செய்யப்பட்டது. அதனால் பெல்சிய வீரர் ஓடில் டெஃப்ரை பட்டத்தை வென்றார். கிறிஸ்தோஃப் இரண்டாம் இடம் பெற்றார். மறு ஆண்டே மொத்த நேரக் கணக்கு மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

1913: டூர்மலே இறக்கம்

1913 ஆம் ஆண்டு ஜூலை 9 ஆம் நாள் பயோனிலிருந்து லூஷோன் வரை 326 கி.மீ. நீளமுள்ள ஆறாம் கட்டம் நடைபெற்றது. ஓபிஸ்க், டூர்மலே, அஸ்பின், பேரசூர்ட் ஆகிய கணவாய்கள் இதன் வழியில் இருந்தன. அதுவரை முதலிடத்தில் இருந்த டெஃப்ரை பின்தங்கிவிட்டதால் அவ்விடம் கிறிஸ்தோஃபின் கைக்கு வரும் நிலை ஏற்பட்டது. 2,115 மீட்டர் உயரமுள்ள டூர்மலே உச்சியைப் பெல்சியரான பிலிப் தீஸ் முதலாவதாகக் கடந்தார். கிறிஸ்தோஃப் சில நிமிடங்கள் பின்னே வந்துகொண்டிருந்தார்.

இறக்கத்தில் அவரது வண்டியின் முன்கவை உடைந்தது. முன்சக்கரத்தை இரு புறமும் பற்றிக் கைப்பிடியோடு இணைக்கும் உறுப்பு இதுவே ஆகும். இது உடைந்தால் வண்டியைச் செலுத்த இயலாது. வேறு வண்டி பெறுவதற்கு விதி இடம் தரவில்லை. எனவே வண்டியைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் மலையிலிருந்து நடந்து இறங்கினார். ஏற்றத்தில் அவர் பின்தள்ளிய வீரர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து சென்றனர். கண்ணீர் மறைத்ததால் குறுக்குப் பாதைகளைக் கூடக் காண இயலவில்லை எனப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

ஏறத்தாழ இரண்டு மணி நேர நடைக்குப் பின் மலையடிவாரத்தில் உள்ள சான்ட்-மரி-டெ-காம்பான் என்னும் சிற்றூரை அடைந்தார். ஊரின் மறுகோடியில் இருந்த கொல்லுப்பட்டறைக்குச் சிறுமி ஒருத்தி வழிகாட்டினாள். கொல்லர் உதவ முன்வந்தபோதிலும், வண்டியைத் தொட அவருக்கு உரிமை இல்லை. பந்தய அதிகாரிகளும் போட்டி நிறுவனங்களின் ஆட்களும் பட்டறையில் நின்று கண்காணித்தனர். கொல்லர் வாயால் வழி சொல்ல, கிறிஸ்தோஃப் உலையில் இரும்பைக் காய்ச்சி, அடித்து, உடைந்த பகுதியைத் தாமே உருவாக்கிப் பொருத்தினார். பசியெடுத்த கண்காணிப்பாளர் ஒருவர் வெளியே செல்ல விரும்பியபோது, தம்மைக் காவல் காக்க வந்தவர் இறுதிவரை இருக்க வேண்டும் என்று கிறிஸ்தோஃப் அவரைத் தடுத்ததாகக் கூறப்படுகிறது.

இரு கைகளும் இரும்பிலும் சுத்தியலிலும் இருந்ததால் உலையின் துருத்தியை அவரால் இயக்க முடியவில்லை. பட்டறையில் இருந்த சிறுவன் ஒருவன் துருத்தியை ஊதினான். இது பிறர் உதவியாகக் கொள்ளப்பட்டு, கிறிஸ்தோஃபுக்கு 10 நிமிடங்கள் தண்டமாக விதிக்கப்பட்டன. பின்னர் இது 3 நிமிடங்களாகக் குறைக்கப்பட்டது. தண்டம் எவ்வளவாயினும் முடிவில் மாற்றம் இல்லை. நடையிலும் பட்டறையிலும் இழந்த நேரம் பல மணிகள் ஆகும். செப்பனிட்ட வண்டியில் அஸ்பின், பேரசூர்ட் ஆகிய கணவாய்களையும் ஏறிக் கடந்து, அன்றைய கட்டத்தை வென்ற தீசுக்கு மூன்று மணி நேரத்திற்கும் மேல் பிந்தி லூஷோனை அடைந்தார்.

அவ்வாண்டுப் பட்டம் தீசுக்குக் கிடைத்தது. கிறிஸ்தோஃப் பந்தயத்தைக் கைவிடாமல் பாரிசு வரை ஓட்டி ஏழாம் இடம் பெற்றார்.

இவ்விதியின் கடுமை கிறிஸ்தோஃபை மட்டும் பாதிக்கவில்லை. 1914 ஆம் ஆண்டில் இசைவின்றிச் சக்கரம் மாற்றியதற்காகத் தீசுக்கு 30 நிமிடங்கள் தண்டம் விதிக்கப்பட்டது. அவரிடம் அதைத் தாங்கும் அளவு முன்னிலை இருந்ததால் 1 நிமிடம் 50 விநாடி வேறுபாட்டில் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

மஞ்சள் சட்டை

1915 முதல் 1918 வரை போரின் காரணமாகப் பந்தயம் நடைபெறவில்லை. முன்னாள் வெற்றியாளர்களான பிரான்சுவா ஃபாபர், ஒக்டாவ் லப்பீஸ், லூசியன் பெத்தி-பிரெத்தோன் ஆகிய மூவரும் போர்க்காலத்தில் உயிரிழந்தனர். 1919 ஆம் ஆண்டு ஜூன் 29 இல் பந்தயம் மீண்டும் தொடங்கியபோது வடபகுதிச் சாலைகள் போரினால் சிதைந்திருந்தன. டயர்களுக்கும் தட்டுப்பாடு நிலவியது. நிறுவனங்கள் ஒன்றிணைந்து வீரர்களை அனுப்பியதால் பலரும் சாம்பல் நிறச் சட்டையே அணிந்திருந்தனர். முதலிடத்தில் உள்ளவரை அடையாளம் காண்பது கடினமாயிற்று.

இதனால் முதலிடத்தில் உள்ளவருக்குத் தனி நிறச் சட்டை வழங்க டெகிராஞ்சு முடிவு செய்தார். பந்தயத்தை நடத்திய லோட்டோ நாளிதழ் மஞ்சள் தாளில் அச்சிடப்பட்டமையால் மஞ்சள் நிறம் தெரிவு செய்யப்பட்டது என்பர். ஜூலை 19 அன்று கிரெனோபிள் நகரில், அப்போது முதலிடத்தில் இருந்த கிறிஸ்தோஃப் இச்சட்டையைப் பெற்றார். தாம் 1913 ஆம் ஆண்டிலேயே மஞ்சள் சட்டை அணிந்ததாகத் தீஸ் பிற்காலத்தில் கூறினார். எனினும் 1919 ஆம் ஆண்டே பொதுவாகத் தொடக்கமாக ஏற்கப்படுகிறது.

கடைசிக்கு முந்தைய கட்டமான மெட்ஸ் – டன்கர்க் 468 கி.மீ. நீளமுடையது. இதில் கருங்கல் பாவிய சாலையில் வலன்சியென் அருகே கிறிஸ்தோஃபின் முன்கவை மீண்டும் உடைந்தது. அருகில் இருந்த மிதிவண்டித் தொழிற்கூடம் ஒன்றில் அதைச் செப்பனிட்டபோது ஒரு மணி நேரத்திற்கும் மேல் கடந்துவிட்டது. ஏறத்தாழ அரை மணி நேர முன்னிலை அன்று பறிபோனது. ஃபிர்மின் லாம்போ பட்டத்தை வென்றார். கிறிஸ்தோஃப் மூன்றாம் இடம் பெற்றார். மக்கள் இவருக்காக வருந்தி லோட்டோ இதழ் வழியாக நிதி திரட்டினர். அவ்வாறு சேர்ந்த தொகை வெற்றியாளரின் பரிசுத் தொகையை விஞ்சியது.

பிற்கால ஓட்டங்கள்

1920 ஆம் ஆண்டில் பாரிசு – தூர் பந்தயத்தையும், 1920, 1921 ஆகிய ஆண்டுகளில் போர்தோ – பாரிசு பந்தயத்தையும் வென்றார். 1920 ஆம் ஆண்டு பாரிசு – ரூபே பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்றார்.

1922 ஆம் ஆண்டு டூர் டி பிரான்சில் தமது 37 ஆம் வயதில் மீண்டும் மஞ்சள் சட்டை அணிந்தார். இச்சட்டையை அணிந்தோருள் மிக மூத்தவர் என்னும் பெருமை இவருக்கே உரியது. அவ்வாண்டும் கலிபியே மலைப்பகுதியில் முன்கவை உடைந்தது. அவர் எட்டாம் இடத்தில் முடிக்க, லாம்போ இரண்டாம் முறையாகப் பட்டம் வென்றார். உடைந்த உறுப்புகளை மாற்றிக்கொள்ளத் தடை செய்த விதி 1923 ஆம் ஆண்டில் தளர்த்தப்பட்டது. அதாவது, கிறிஸ்தோஃபின் முன்கவை மூன்றாம் முறை உடைந்ததற்கு அடுத்த ஆண்டில் இம்மாற்றம் வந்தது.

1925 ஆம் ஆண்டில் 40 வயதில் இறுதியாக டூர் டி பிரான்சில் பங்குபற்றி 18 ஆம் இடம் பெற்றார். மறு ஆண்டு ஓய்வு பெற்றார். 1970 ஆம் ஆண்டு தமது 85 ஆம் வயதில் காலமானார்.

நினைவுகள்

சான்ட்-மரி-டெ-காம்பான் ஊரில் பழைய கொல்லுப்பட்டறை இருந்த இடத்தில் இந்நிகழ்வைக் குறிக்கும் பலகை பதிக்கப்பட்டுள்ளது. அவ்வூரில் முன்கவையை ஏந்தி நிற்கும் கிறிஸ்தோஃபின் சிலையும் உள்ளது.

காலை மிதிகட்டையோடு பிணைக்கும் பாதப்பிடியும் வாரும் இவரது பெயரில் விற்கப்பட்டன. பந்தயங்களில் புதுவகை மிதிகட்டைகள் பரவும் வரை இவை பல தலைமுறை ஓட்டுநர்களால் பயன்படுத்தப்பட்டன. இத்தாலியின் டஸ்கனி மலைப்பகுதியில் 1997 ஆம் ஆண்டு தொடங்கிய லெரோயிக்கா என்னும் கூட்டு ஓட்டத்தில், 1987 ஆம் ஆண்டிற்கு முந்தைய வகை மிதிவண்டிகளில் சரளைக்கல் சாலைகளைக் கடக்கின்றனர். பாதப்பிடி உள்ள மிதிகட்டைகளையே அங்குப் பயன்படுத்த வேண்டும். சரளைக்கல் சாலைகளுக்கான உலகப் பட்டப் போட்டியும் 2022 ஆம் ஆண்டு முதல் நடத்தப்படுகிறது. இன்று விரும்பித் தேடிச் செல்லும் இத்தகைய மேடுபள்ளமான மண் பாதைகள், கிறிஸ்தோஃபின் காலத்து வீரர்களுக்கு வழக்கமான பாதைகளாகும்.

பட்டம் வென்ற பலரின் பெயர்களைக் காட்டிலும் பட்டம் வெல்லாத கிறிஸ்தோஃபின் பெயர் மிதிவண்டி ஓட்டுவோரிடையே நிலைத்து நிற்பது குறிப்பிடத்தக்கது.