மதுராந்தகம் ஏரியும் கலெக்டர் பிளேஸும்

தாம்பரத்திலிருந்து தெற்கே ஜிஎஸ்டி சாலையில் போனால், பெருங்களத்தூருக்கு முன்பே பீர்க்கன்கரணை ஏரி கண்ணில் படும். ஒரு காலத்தில் நெல் வயலுக்குத் தண்ணீர் கொடுத்த ஏரி. இன்று அதன் ஆயக்கட்டில் வீடுகள்தான் விளைந்து நிற்கின்றன. அதே சாலையில் இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் மதுராந்தகம் ஏரி. 230 ஆண்டுகளுக்கு முன்பு இந்த இரண்டு ஊர்களும் ஒரே கலெக்டரின் பொறுப்பில் இருந்தன. அவர் பெயர் லியோனல் பிளேஸ். கர்னல் என்று மக்கள் சொன்னாலும், அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் வருவாய் அதிகாரி.

செங்கல்பட்டு வட்டாரத்தை ஆற்காடு நவாப் 1763-ல் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780-ல் ஹைதர் அலியின் படை இந்தப் பக்கம் வந்தபோது ஊர்கள் காலியாயின, பஞ்சமும் சேர்ந்துகொண்டது. மராமத்து பார்க்க ஆளில்லாமல் ஏரிகள் பாழாகின. 1794-ல் பிளேஸ் கலெக்டராகப் பொறுப்பேற்றபோது இருந்த நிலைமை இதுதான். வரி வசூலிக்க வந்தவருக்கு ஒரு விஷயம் விரைவில் பிடிபட்டது. இந்தச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. ஏரி நிறைந்தால் சம்பாவும் நவரையும் உண்டு. கரை உடைந்தால் இரண்டும் இல்லை, கஜானாவுக்கும் ஒன்றுமில்லை.

அதற்கு முன் ஏரி மராமத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1767 முதல் 1774 வரை பொறியாளர் தாமஸ் பர்னார்டு இந்த ஜாகீரின் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார். அந்தக் கணக்கைப் படித்த ஆய்வாளர்கள், மொத்த விளைச்சலில் நூற்றுக்குச் சுமார் நான்கு பங்கு நீர்நிலைப் பராமரிப்புக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். களத்தில் நெல் குவியலாகக் கிடக்கும்போதே இத்தகைய பங்குகளைப் பிரித்துவிடுவார்கள். சர்க்காரும் குடியானவரும் பங்கு போடுவது அதற்குப் பிறகுதான். எந்த அலுவலகத்துக்கும் மனுப் போட வேண்டியதில்லை. விளைச்சல் கூடினால் மராமத்துப் பங்கும் கூடும். இதைவிட எளிமையான பாதுகாப்பு நிதித் திட்டத்தை நான் எந்த நாட்டுப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

பிளேஸ் உடைந்த ஏரிகளைச் சரிசெய்ய முனைந்தார். ஒவ்வொரு ஊரின் வரியையும் அந்த ஊர் மிராசுதாரர்களோடு மொத்தமாகப் பேசி முடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். காஞ்சிபுரம் கோயில்களின் வரவு செலவைத் தம் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டார். வரதராஜப் பெருமாளுக்கு அவர் நகை கொடுத்ததாகவும் சொல்வார்கள். கோயில் திருவிழா நடந்தால் குடிகள் ஊரில் தங்குவார்கள், குடிகள் தங்கினால் ஏர் ஓடும் என்ற கணக்கும் இதில் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மதுராந்தகத்தில் அவருக்குப் பெரிய சோதனை வந்தது. கரையை அடைக்க அடைக்க, மழைக்காலத்தில் மறுபடி உடைந்தது. வடகிழக்குப் பருவமழையில் இரண்டு மூன்று நாளில் நிரம்பிவிடும் ஏரி அது. கலங்கல் வழியாகத் தண்ணீர் போதிய வேகத்தில் வெளியேறாவிட்டால் மண்கரை தாங்காது. 1798-ல் கனமழை பெய்தபோது பிளேஸே அங்கு வந்து முகாமிட்டார் என்பார்கள். மராமத்துக்கு இவ்வளவு செலவழிக்கிறீர்களே, தாயார் சன்னதியையும் கட்டித் தரக்கூடாதா என்று கோயில்காரர்கள் கேட்டிருந்தார்களாம். கரை நின்றால் கட்டித் தருகிறேன் என்று துரை வாக்குக் கொடுத்தாராம். அன்றிரவு குடையோடு கரைக்குப் போனவருக்கு, வில்லேந்திய இரண்டு இளைஞர்கள் காவல் நிற்பது தெரிந்தது என்கிறது ஊர்க்கதை. கரை உடையவில்லை. ராமர் ஏரி காத்த ராமரானார். ஜனகவல்லித் தாயார் சன்னதி எழுந்தது. துரையின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது.

இந்தக் கதையோடு பிளேஸை நிறுத்திவிட்டால் அது பாதிக் கணக்குதான். அவர் கேட்ட வரி கட்டுப்படியாகாது என்று மறுத்த மிராசுதாரர்கள் உண்டு, ஊரைவிட்டே வெளியேறியவர்களும் உண்டு. மறுத்தவர்களின் மிராசைப் பறித்து வேறு குடிகளுக்குக் கொடுக்கவும் அவர் தயங்கவில்லை. கம்பெனி ஆட்சி வேரூன்ற வேரூன்ற, ஊருக்கென்று இருந்த பங்குகளும் மானியங்களும் சுருங்கின. ஏரிக்கான பணம் களத்துமேட்டிலிருந்து கஜானாவுக்குப் போய்விட்டது. பிளேஸ் போன்ற அக்கறையுள்ள அதிகாரி இருந்தால் அது திரும்பி வரும், இல்லாவிட்டால் வராது.

1798-ல் அவர் பதவியை விட்டுப் போனார். ஜாகீரைப் பற்றி 1799-ல் நீண்ட அறிக்கை ஒன்று கொடுத்தார். 1802-ல் கம்பெனி இந்த ஊர்களைப் பண்ணை பண்ணையாகப் பிரித்து ஏலம் விட்டது. எடுத்தவர்களில் பலர் சில ஆண்டுகளிலேயே நொடித்துப் போனார்கள். 1858-ல் அரசு சட்டம் போட்டுக் குடிகளைக் கரை வேலைக்குக் கட்டாயப்படுத்த வேண்டியதாயிற்று. பங்கை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்டால் யார் வருவார்?

2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி தொடங்கியபோது, அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் தாம்பரத்தை அடுத்த மணிமங்கலம் ஏரி. முதல் கட்டமாக ரூ.100 கோடி ஒதுக்கப்பட்டது. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசன விவசாயிகள் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தர வேண்டும் என்பது அப்போதைய விதி. பங்கு கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. உங்கள் ஊர் ஏரியில் வேலை நடந்தால், மதிப்பீட்டு நகலைப் பாசன சங்கத்தின் மூலம் கேட்டு வாங்கி, மதகு, கலங்கல், கரை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று பாருங்கள். ஏரி வண்டலை வயலுக்கு இலவசமாக எடுக்க 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. சித்திரை வைகாசியில் ஏரி காய்ந்திருக்கும்போதே மனுவைக் கொடுத்துவிடுங்கள். ஆடி பிறந்தபின் போனால் ஏரிக்குள் டிராக்டர் இறங்காது.