ரிச்சர்டு ஸ்டீவன்ஸ்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் மேற்கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தாலன்றிக் கீழ்க்கண்மாய் பெருகாது. யூனிக்ஸ் கணினியில் நிரல்களைக் குழாயால் தொடுக்குங்காலும் அங்ஙனமே. திரைக்கு வரிதோறும் வரும் விடை, குழாய்க்கோ இடையகம் நிறைந்த பின்னரே செல்லும். இஃதறியாத யாம், ஒருநாள் நிரல் பழுதென்றெண்ணி வலிந்து நிறுத்தி, தேங்கிய விடைகளை இழந்தோம்.

இதனை மாணாக்கர்க்குத் தெளிவுறுத்திய பேராசான் ரிச்சர்டு ஸ்டீவன்ஸ் ஆவர். 1951-இல் ஆப்பிரிக்காவின் லுவான்ஷியாவிற் பிறந்த அவர், விமானப் பொறியியல் பயின்று, அமெரிக்காவின் கிட் பீக் வானாய்வகத்தில் நிரலாளராய்ப் பணியாற்றினார். 1992-இல் வெளியிட்ட யூனிக்ஸ் நூலில், இரு நிரல்கள் ஒன்றையொன்று எதிர்நோக்கி அசைவற்று நிற்குமாற்றையும், இடையே போலிமுனையம் அமைத்து வரிதோறும் விடைபெறும் வழியையும் சிறு நிரல்களால் விளக்கினார். 1999-இல், 48-ஆம் வயதில் மறைந்தார்.

நண்பர்காள்! விடை தாழ்த்தால் நிரலைப் பழியாது, முதற்கண் இடையகத்தை ஆராய்வோமாக.