நீர்மூழ்கிக்கு கேப்டனே ஆகாதவர், அணுசக்தி நீர்மூழ்கியை உருவாக்கியது எப்படி? - யார் இந்த ஹைமன் ரிக்கோவர்?

1955 ஜனவரி 17. அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் உள்ள குரோட்டன் கப்பல் கட்டும் தளம். நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் கரையை விட்டு மெல்ல நகர்கிறது. கேப்டன் யூஜின் வில்கின்சன் ஒரு சின்னத் தகவலை அனுப்புகிறார். கப்பல் அணுசக்தியில் ஓடத் தொடங்கிவிட்டது என்பதுதான் அந்தத் தகவல். அதற்கு முன் உலகத்தில் எந்த வாகனமும் அணுசக்தியில் ஓடியது கிடையாது.

அன்று கேப்டன் பக்கத்தில் ஒல்லியாக, நரைத்த தலையோடு ஒருவர் நின்றிருந்தார். வயது 55-ஐத் தொடப்போகிறது. பெயர் ஹைமன் ரிக்கோவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் கடற்படை இவரை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது. அதன் பிறகு இன்னும் 27 வருஷம் அவரை அசைக்கவே முடியவில்லை என்பது வேறு கதை.

இன்று அமெரிக்கக் கடற்படையின் எல்லா நீர்மூழ்கிகளும் அணுசக்தியில்தான் ஓடுகின்றன. அந்தக் கட்டமைப்பை உருவாக்கிய ரிக்கோவர், ஒரு நீர்மூழ்கிக்குக்கூட கேப்டனாக இருந்தவர் இல்லை.

போலந்திலிருந்து சிகாகோவுக்கு

ரிக்கோவர் பிறந்தது 1900-ல், அப்போது ரஷ்யாவின் ஆட்சியில் இருந்த போலந்தில். மாகோவ் என்ற சிறு ஊர், யூதக் குடும்பம். அப்பா ஆபிரகாம் தையல்காரர். அவர் முதலில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பிறகு அம்மா குழந்தைகளோடு கப்பலேறினார். கொஞ்ச நாள் நியூயார்க், பிறகு சிகாகோ.

ஒன்பது வயதிலேயே வேலைக்குப் போனார். பக்கத்து வீட்டுக்காரர் இயந்திரத்தை இயக்கும்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கூலி மணிக்கு மூன்று சென்ட். பள்ளி நாட்களில் தந்தி கொடுக்கும் பையனாகவும் வேலை செய்தார். அப்படிப் போய்வரும்போது பழக்கமானவர் ஆடால்ஃப் சபாத் என்ற நாடாளுமன்ற உறுப்பினர். அவருடைய பரிந்துரையில்தான் 1918-ல் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. வீட்டில் பணம் கட்டிப் படிக்கவைக்க வழியில்லை. கடற்படைக் கல்லூரியிலோ படிப்பு இலவசம்.

1922-ல் 540 பேரில் 107-வது ஆளாக வெளியே வந்தார். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின் பொறியியலில் முதுகலைப் படிப்பு. நீர்மூழ்கிகளிலும் சில வருஷம் வேலை பார்த்தார். எஸ்-48 என்ற நீர்மூழ்கியில் இரண்டாவது இடம் வரை வந்தார், கேப்டன் பதவி மட்டும் கிடைக்கவில்லை. 1937-ல் சீனக் கடற்கரையில் ஒரு பழைய சின்னக் கப்பலுக்குச் சில மாதங்கள் தலைமை வகித்தார். அவ்வளவுதான். பொறியியல் பிரிவுக்கு மாறிக்கொண்டார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைக் கப்பல்களின் மின் கருவிகளுக்குப் பொறுப்பான பிரிவை நடத்தினார்.

டீசல் நீர்மூழ்கியில் என்ன சிக்கல்?

இரண்டாம் உலகப் போர்க்கால நீர்மூழ்கியை, தேவைப்படும்போது மட்டும் முங்கும் கப்பல் என்று சொல்வதுதான் சரி. டீசல் இன்ஜின் ஓட காற்று வேண்டும். கடலுக்குள் போனால் பேட்டரிதான் கதி. வேகமாக ஓடினால் பேட்டரி சில மணி நேரத்தில் காலி. மெதுவாகப் போனாலும் ஒன்றிரண்டு நாளில் மேலே வந்தே ஆக வேண்டும். மேலே வந்தால் எதிரி கண்ணில் பட வேண்டியதுதான்.

அணு உலைக்குக் காற்று தேவையில்லை. யுரேனியம் அணுக்கள் பிளக்கும்போது வரும் வெப்பம் தண்ணீரைச் சூடாக்கும். அந்தத் தண்ணீர் கொதிக்காதபடி கடும் அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். அந்தச் சூடு இன்னொரு குழாயில் ஓடும் தண்ணீரை நீராவியாக்கும். நீராவி டர்பைனைச் சுழற்றும், டர்பைன் கப்பலின் விசிறியைச் சுழற்றும். எரிபொருள் வருஷக்கணக்கில் வரும்.

கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? 1946-ல் இதெல்லாம் வெறும் பேப்பரில்தான் இருந்தது. அந்த வருஷம் அணு ஆராய்ச்சி நடந்த ஓக் ரிட்ஜ் நகரத்துக்குக் கடற்படை ஒரு சிறு குழுவை அனுப்பியது. அதில் ரிக்கோவரும் ஒருவர். அங்கே இருந்த அறிவியலாளர்களிடம் உட்கார்ந்து பாடம் படித்தார். திரும்பி வந்ததும் அவருக்குக் கிடைத்தது பெயருக்கு ஒரு ஆலோசகர் வேலை.

மனுஷன் சும்மா இருக்கவில்லை. அணுசக்தி நீர்மூழ்கி தேவை என்று கடிதம் தயாரித்து, கடற்படைத் தலைவர் நிமிட்ஸ் வரை கொண்டுபோனார். நிமிட்ஸே ஒரு காலத்தில் நீர்மூழ்கியில் இருந்தவர். 1947 டிசம்பரில் கையெழுத்துப் போட்டார்.

ஒரே ஆள், இரண்டு நாற்காலி

1949-ல் ரிக்கோவர் செய்த ஏற்பாடுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். கடற்படையில் அணு உலைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். அணு உலைகளுக்கு அனுமதி தரும் அணுசக்தி ஆணையத்திலும் அதே பிரிவுக்கு அவர்தான் தலைவர். கேட்பவரும் அவரே, கொடுப்பவரும் அவரே. கடற்படை மறுத்தால் ஆணையத்தின் பெயரில் வேலை நடக்கும். ஆணையம் தாமதித்தால் கடற்படையின் பெயரில் நடக்கும்.

இதன் மறுபக்கம் முக்கியமானது. ஏதாவது தப்பு நடந்தால் பழியை இன்னொருவர் மேல் போட அவருக்கு வழியே கிடையாது. ஒரு வேலைக்கு யார் பொறுப்பு என்று ஒரே ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால், யாருமே பொறுப்பில்லை என்றுதான் அர்த்தம் என்பது அவருடைய கொள்கை.

வேலையில் அவர் காட்டிய கறார்த்தனத்துக்கு ஓர் உதாரணம் சிர்கோனியம். உலைக்குள் யுரேனியத்தைச் சுற்றி மூட ஓர் உலோகம் வேண்டும். அது துருப்பிடிக்கக் கூடாது, நியூட்ரான்களையும் விழுங்கக் கூடாது. சிர்கோனியம் இதற்குச் சரியாக இருந்தது. ஆனால் இயற்கையில் அதனோடு ஹாஃப்னியம் கலந்திருக்கும். அதுவோ நியூட்ரான்களை நன்றாக விழுங்கும். இரண்டையும் பிரித்துத் தூய உலோகத்தைப் பெரிய அளவில் தயாரிக்கும் தொழில் அப்போது இல்லை. ரிக்கோவரின் குழு அந்தத் தொழிலையே உருவாக்கியது. பிரித்தெடுத்த ஹாஃப்னியம், உலையை அடக்கும் கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்குப் பயன்பட்டது.

பாலைவனத்தில் ஒரு நீர்மூழ்கி

கப்பலில் வைப்பதற்கு முன் உலையைத் தரையில் சோதிக்க வேண்டும். வழக்கமாகப் பொறியாளர்கள் முதல் மாதிரியைத் தாராளமான இடத்தில் பரப்பிவைத்துச் சோதிப்பார்கள். பிறகுதான் அதைச் சின்னதாக்குவார்கள். ரிக்கோவர் ஒத்துக்கொள்ளவில்லை. கப்பலில் எந்த இடத்தில் எந்தக் குழாய் வருமோ, மாதிரியிலும் அங்கேயே வர வேண்டும் என்றார். அதனால் கடலே இல்லாத ஐடஹோ மாநிலப் பாலைவனத்தில், நீர்மூழ்கியின் ஒரு துண்டைக் கட்டி அதற்குள் உலையை வைத்தார்கள்.

1953 மார்ச் 30 அன்று அந்த உலையில் தொடர்வினை தொடங்கியது. ஜூன் மாதம் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்ப்பதாகத் திட்டம். அது முடிந்ததும் நிறுத்தலாம் என்றார்கள் பொறியாளர்கள். ரிக்கோவர் நிறுத்தவிடவில்லை. அட்லாண்டிக் வரைபடத்தைச் சுவரில் மாட்டி, உலை ஓடும் நேரத்துக்குக் கப்பல் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். நடுவில் கோளாறுகள் வந்தன, சமாளித்தார்கள். சுமார் நான்கு நாளில் அந்தக் கற்பனைக் கப்பல் அயர்லாந்தைத் தொட்டது.

முதலில் தரையில் முழு மாதிரி, பிறகுதான் கடல் என்ற இந்த வழியை இந்தியாவும் பின்பற்றியது. அரிஹந்த் நீர்மூழ்கிக்கு முன்பாக, அதன் உலையின் மாதிரி கல்பாக்கத்தில்தான் கட்டி ஓட்டிப் பார்க்கப்பட்டது.

வீட்டுக்குப் போகச் சொன்ன கடற்படை

இவ்வளவு நடக்கும்போது கடற்படை என்ன செய்தது? 1951-லும் 1952-லும் பதவி உயர்வுப் பட்டியலில் ரிக்கோவர் பெயர் இல்லை. விதிப்படி, இரண்டு முறை பெயர் வராவிட்டால் ஓய்வுபெற வேண்டும். மேலதிகாரிகளை மதிக்காதவர், கப்பல் நிறுவனங்களோடு மல்லுக்கட்டுபவர், சீருடையைக்கூட சரியாகப் போடாதவர் என்று அவர் மேல் நிறையப் புகார்கள். பல புகார்கள் உண்மையும்கூட.

பத்திரிகைகள் விஷயத்தைக் கையில் எடுத்தன. நாடாளுமன்றம் தலையிட்டது. செனட், கடற்படையின் மொத்தப் பதவி உயர்வுப் பட்டியலையே நிறுத்தி வைத்தது. வேறு வழியில்லாமல் 1953-ல் அவரை ரியர் அட்மிரல் ஆக்கினார்கள். அன்றிலிருந்து ரிக்கோவருக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. தன் பலம் கடற்படைத் தலைமையகத்தில் இல்லை, நாடாளுமன்றத்தில் இருக்கிறது.

நாட்டிலஸ் எல்லோர் வாயையும் அடைத்தது. 1955 மே மாதம் தண்ணீரை விட்டு வெளியே வராமலேயே 1,300 மைலுக்கு மேல் 90 மணி நேரத்துக்குள் ஓடியது. முதல் தடவை நிரப்பிய எரிபொருளிலேயே 60 ஆயிரம் மைலைத் தாண்டியது. 1958 ஆகஸ்ட் 3 அன்று பனிக்கட்டிக்கு அடியில் வட துருவத்தைக் கடந்தது.

சாயும் நாற்காலியில் ஒரு நேர்காணல்

அணுசக்திக் கப்பலில் சேர வேண்டுமா? ரிக்கோவரை நேரில் பார்த்தாக வேண்டும். ஆயிரக்கணக்கான இளம் அதிகாரிகளை அவரே நேர்காணல் செய்தார். உட்காரப் போடும் நாற்காலியின் முன்கால்கள் அறுத்துக் குட்டையாக்கப்பட்டிருக்கும். வழுக்கி விழாமல் பதில் சொல்ல வேண்டும். பதில் பிடிக்கவில்லை என்றால் துடைப்பம் வைக்கும் அறையில் போய் நின்று யோசிக்கச் சொல்வார்.

அப்படி மாட்டியவர்களில் ஒருவர் ஜிம்மி கார்ட்டர். கல்லூரியில் வாங்கிய இடத்தைப் பெருமையாகச் சொன்னார். அதற்காக முழு முயற்சி எடுத்தாயா என்று ரிக்கோவர் கேட்டார். கொஞ்சம் யோசித்த கார்ட்டர், எப்போதும் அப்படிச் செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஏன் செய்யவில்லை என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார் ரிக்கோவர். பின்னாளில் அமெரிக்க அதிபரான கார்ட்டர், அந்தக் கேள்வியைத்தான் தன் சுயசரிதைக்குத் தலைப்பாக வைத்தார்.

129 பேரை விழுங்கிய கடல்

1963 ஏப்ரல் 10. புதிய ரக தாக்குதல் நீர்மூழ்கியான திரெஷர், ஆழ்கடல் சோதனையில் மூழ்கியது. உள்ளே இருந்த 129 பேரும் இறந்தனர். அணுசக்தி நீர்மூழ்கி ஒன்று மூழ்கியது அதுவே முதல் முறை.

இன்ஜின் பகுதியில் குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போய்க் கடல்நீர் பீய்ச்சியடித்திருக்கலாம், மின்சாரம் பாதிக்கப்பட்டு உலை நின்றிருக்கலாம் என்றது விசாரணை. கப்பலை மேலே தூக்க வேண்டிய அழுத்தக் காற்றும் கைகொடுக்கவில்லை. குழாய்களில் ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டிருக்கலாம் என்பது பின்னர் நடந்த சோதனைகளில் தெரிந்தது.

உலைக்கு இருந்த கண்டிப்பு கப்பலின் மற்ற பகுதிகளுக்கு இல்லை என்பதுதான் இதில் கிடைத்த பாடம். ரிக்கோவரும் நாடாளுமன்றக் குழு முன் கப்பல் தளங்களின் அலட்சியத்தைக் கடுமையாகச் சாடினார். ஆனால் அவர் பக்கமும் ஒரு கேள்வி இருந்தது. நின்றுபோன உலையை மறுபடி இயக்க அவருடைய பிரிவு வகுத்த நடைமுறை நேரம் பிடிப்பதாக இருந்தது. கடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கப்பலுக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது. விபத்துக்குப் பிறகு அந்த நடைமுறை மாற்றப்பட்டது. அதே வருஷம் சப்சேஃப் என்ற பாதுகாப்புத் திட்டமும் வந்தது. கடல்நீரைத் தடுக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் யார் செய்தார், யார் சோதித்தார் என்ற பதிவு கட்டாயமானது.

மீனுக்கு ஓட்டு கிடையாது

1968-ல் அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் என்டர்பிரைஸை ஒரு சோவியத் நீர்மூழ்கி வேகத்துக்கு வேகம் பின்தொடர்ந்தது. அமெரிக்காவுக்கு இது அதிர்ச்சி. இன்னும் பெரிய உலை, இன்னும் வேகமான தாக்குதல் நீர்மூழ்கி வேண்டும் என்று ரிக்கோவர் பிடிவாதம் பிடித்தார். கடற்படைக்குள்ளேயே வேறு வடிவமைப்பைக் கேட்டவர்கள் தோற்றார்கள். பிறந்தது லாஸ் ஏஞ்சலஸ் ரகம். மொத்தம் 62 கப்பல்கள். வேகத்துக்காக ஆழத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்ற விமர்சனமும் கூடவே வந்தது.

அதுவரை தாக்குதல் நீர்மூழ்கிகளுக்குப் பெரும்பாலும் மீன்களின் பெயர்தான். இந்த ரகத்துக்கோ நகரங்களின் பெயர். மீன்கள் ஓட்டுப் போடாது, நகர மக்கள் போடுவார்கள் என்ற ரிக்கோவரின் கணக்குதான் காரணம் என்பார்கள்.

நீண்டுவிட்ட ஆட்சி

ஒரே ஆளிடம் பொறுப்பு என்பது, ஒரே ஆளிடம் அதிகாரம் என்றும் ஆகும். 80 வயதைத் தாண்டியும் ரிக்கோவர் நாற்காலியை விடவில்லை. கடற்படை அமைச்சர் ஜான் லேமன், அவருடைய பதவிக்காலத்தை நீட்டிக்க மறுத்தார். அதிபர் ரீகன் முன்னாலேயே லேமனைத் திட்டித் தீர்த்தார் ரிக்கோவர். பயனில்லை. 63 வருஷ சேவைக்குப் பிறகு 1982 ஜனவரி இறுதியில் ஓய்வுபெற்றார்.

போவதற்கு முன் நாடாளுமன்றக் குழு முன் அவர் சொன்னது பலரைத் திகைக்க வைத்தது. கதிர்வீச்சை உண்டாக்குவதால் அணுசக்தி அத்தனை விலைக்குத் தகுந்ததல்ல என்றார். தன் கையில் இருந்தால், தான் கட்டிய கப்பல்கள் உட்பட எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடுவேன் என்றும் சொன்னார். அவை தவிர்க்க முடியாத தீமை என்பதே அவர் பார்வை.

கடைசியில் ஒரு கறையும் விழுந்தது. கப்பல் கட்டும் நிறுவனமான ஜெனரல் டைனமிக்ஸிடமிருந்து பல வருஷங்களில் 67 ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ள பரிசுகளை வாங்கியதாக 1985-ல் வெளிவந்தது. அதே நிறுவனத்தோடு அதிகச் செலவுக் கணக்குக்காக வருஷக்கணக்கில் சண்டை போட்டவரும் அவர்தான். பரிசுகளால் தன் முடிவுகள் மாறவில்லை என்றார். லேமன் கண்டனக் கடிதம் அனுப்பினார். ஊருக்கெல்லாம் பொறுப்பைப் பற்றிப் பாடம் எடுத்தவர், தன் கணக்கில் கோட்டைவிட்ட இடம் அது.

1986 ஜூலை 8 அன்று, 86 வயதில் ரிக்கோவர் காலமானார். அவர் பெயரில் இதுவரை இரண்டு தாக்குதல் நீர்மூழ்கிகள் வந்துவிட்டன. இரண்டாவது, 2023-ல் சேவையில் சேர்ந்தது. ஆனால் அவர் விட்டுப்போனதில் பெரியது இன்னொன்று. நாட்டிலஸ் கிளம்பி 70 வருஷம் ஆகிறது. இத்தனை காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் அணு உலை எதுவும் விபத்தில் உருகியது இல்லை.