பெரியாழ்வாரின் முன்விண்ணப்பம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆனிச் சுவாதியில் அவதரித்த விஷ்ணுசித்தர், வடபத்ரசாயிக்குப் பூமாலை கட்டுவதையே வாழ்வாகக் கொண்டவர். மதுரையில் பாண்டியன் அவையிலே பரத்துவ நிர்ணயம் செய்து பொற்கிழி பெற்று யானைமீது பவனி வருகையில், கருடாரூடனாய்த் தோன்றிய எம்பெருமானுக்கே கண்ணெச்சில் படுமோ என்றஞ்சிப் பல்லாண்டு பாடியருளினார். பெரியாழ்வார் என்னும் திருநாமம் அதனால் வாய்த்ததென்பர்.

தம் திருமொழியின் 461 பாசுரங்களுள் மரணத்தைப் பேசுமிடங்களில் அவர் எதையும் மூடிமறைக்கவில்லை. மூச்சு மேலெழும்பித் தொண்டையை இழுக்கும். பொருளை எங்கே வைத்தாய் என்று சுற்றத்தார் சூழ்ந்து நச்சரிப்பர். (இன்றும் காண்பதுதானே!) அந்த வேளையில் தம்மாலும் பெருமானை நினைக்க இயலாதென்று உணர்ந்த ஆழ்வார், நினைவு தெளிந்திருக்கும்போதே அரங்கநாதனிடம் விண்ணப்பித்துக்கொண்டார். அது நாலாம் பத்தின் பத்தாம் திருமொழி. எம்பெருமானுக்குப் பல்லாண்டு வேண்டியவர், அங்கே தமக்கு நீண்ட ஆயுளைக் கேட்கவில்லை. யமபடர் வரும்போது காக்கும்படி மட்டுமே வேண்டினார்.