தங்கவயலுக்குச் சென்ற பேராசிரியர்

கோலார் தங்கவயலின் சுரங்கங்களை 1880-களில் இங்கிலாந்தின் ஜான் டெய்லர் நிறுவனம் ஏற்று நடத்தத் தொடங்கியது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து அங்கே மின்சாரம் வந்தது. இந்திய நாட்டின் பெருநகரங்கள் பலவும் அறியாத அந்த ஆற்றல் சுரங்கத்து இயந்திரங்களுக்காக வந்ததே அன்றி, பூமிக்குள் இறங்கியவர்களின் குடிசைகளுக்காக வந்ததன்று. அக்குடிசைகளில் வாழ்ந்தோருள் பெரும்பாலோர் வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழர்கள். ஊரில் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டவர்கள். அவர்கள் நடுவே பேசுவதற்குச் சென்னையிலிருந்து இரயிலேறி வந்த அறிஞர்களுள் ஒருவர், கல்லூரியில் அறிவியல் கற்பித்த பேராசிரியர் பொ. இலட்சுமி நரசு.

1861-இல் பிறந்த நரசுவின் தாய்மொழி தெலுங்கு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, அங்கேயே இயற்பியலும் வேதியியலும் கற்பிக்கும் ஆசிரியரானார். பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியிலும் பணியாற்றினார். வெள்ளையர் உயர்ந்தோர் என்ற எண்ணம் கல்லூரி ஆசிரியர் அறைகளிலும் நிலவிய நாட்கள் அவை. அந்த ஆணவத்துக்கு அவர் தலைவணங்கியதில்லை. தம் நாட்டாரிடையே நிலவிய சாதிச் செருக்குக்கும் அவ்வாறே தலைவணங்கவில்லை. அந்நியனின் ஆணவத்தை வெறுப்பது எளிது. தம்மவரின் ஆணவத்தைக் கண்டிக்க வேறொரு துணிவு வேண்டும். நரசுவிடம் அவ்விரண்டும் இருந்தன.

மாணவர்கள் அவரைப் பெரிதும் நேசித்தார்கள். பாடம் முடிந்ததும் கடமை முடிந்தது என்று அவர் எண்ணவில்லை. சாதி ஒழிப்பு, சமூகச் சீர்திருத்தம், பௌத்தம் ஆகியவற்றைப் பற்றித் தொடர்ந்து சொற்பொழிவாற்றினார். பிற்காலத்தில் காங்கிரஸ் மகாசபையின் தலைவராக விளங்கிய பட்டாபி சீதாராமய்யா அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர். ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளைச் சோதித்துப் பாராமல் அதன் தன்மையைக் கூறலாகாது என்று கற்பிக்கும் ஆசிரியர், ஒரு மனிதனின் தகுதியைப் பிறப்பைக் கொண்டு கூறும் வழக்கத்தை மட்டும் சோதிக்காமல் விடுவது எங்ஙனம்? 1922-இல் வெளிவந்த அவருடைய சாதி பற்றிய ஆங்கில ஆராய்ச்சி நூல் இக்கேள்வியின் முதிர்ந்த கனி எனலாம்.

புத்தரின் அறநெறியில் அவர் கண்டது அறிவும் அருளும் பிரியாத ஒரு வழி. 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பிய அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியபோது, நரசுவும், பின்னாளில் தொழிலாளர் தலைவராகப் புகழ்பெற்ற ம. சிங்காரவேலரும் அம்முயற்சியில் துணைநின்றனர். மூவரும் எல்லாவற்றிலும் ஒத்த கருத்தினர் அல்லர். தமிழ் நூல்களிலும் மக்கள் வழக்கங்களிலும் பண்டைப் பௌத்தத்தின் தடயங்களைத் தேடி, ஒடுக்கப்பட்ட மக்களின் இழந்த வரலாற்றை மீட்க முனைந்தவர் பண்டிதர். பகுத்தறிவின் ஒளியில் புத்தரைக் கண்டவர் பேராசிரியர். இவ்வேறுபாடு சில சமயம் வெளிப்படையான விவாதமாகவும் ஆயிற்று. ஆயினும் எளியோருக்கு உழைப்பதில் கைகள் பிரியவில்லை. கொள்கையில் சிறிது மாறுபட்டாலே தனிச் சங்கம் காணத் துடிக்கும் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

1907 ஆம் ஆண்டு இவ்விருவருக்கும் முக்கியமானது. அவ்வாண்டு ஜூன் 19 அன்று பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் பிறந்தது. மறு ஆண்டில் அது ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கிற்று. நரசுவின் புகழ்பெற்ற ஆங்கில நூலான ‘பௌத்தத்தின் சாரம்’ வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். ஒன்று தொழிலாளியின் கைக்கு எட்டியது. மற்றொன்று பட்டம் பெற்றோர் மேசைக்குச் சென்றது.

தங்கவயலில் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும் சங்கத்தின் உறுதியான கிளைகளாயின. பாறை வெடிப்பும் புழுக்கமும் தூசும் உடலை அரித்த அந்த ஊரில், மக்கள் தம் கூலியிலிருந்து ஒதுக்கிய காசில் சங்கத்தை நடத்தினர். கூட்டங்களில் அறவுரை கேட்டனர். பத்திரிகை படித்தனர், படிக்கத் தெரியாதவர் படிக்கக் கேட்டனர். திருமணத்தையும் இறுதிச் சடங்கையும் தாமே தமக்குரிய முறையில் நடத்திக்கொண்டனர். கற்றவர் அங்கே வந்தது உதவி வழங்க அன்று. அதற்குள் தம் காலில் எழுந்து நின்றுவிட்ட மக்களோடு சமமாக அமர்ந்து பேசவே வந்தனர். நரசு தம் பேராசிரியப் பணியைத் துறந்து வந்தவரும் அல்லர். தாம் கற்ற கல்வியையும் தமக்குக் கிடைத்த ஓய்வையுமே அவர் கொடுத்தார். தேர்வும் வேலையும் முடியட்டும், பிறகு சமூகத்தைப் பார்ப்போம் என்று காத்திருக்கும் கல்லூரி மாணவர்க்கு அந்தக் கணக்கு பழக்கப்பட்டதுதான்; நரசு அக்கணக்கைப் போட்டதில்லை.

1914 மே மாதம் பண்டிதர் மறைந்தார். அதன்பின் இயக்கத்தின் பொறுப்பு பெருமளவு நரசுவின் தோள்களில் இறங்கியது. சிறிது காலத்துக்குப் பின் நின்றுபோன ‘தமிழன்’ இதழுக்கு 1926-இல் மீண்டும் உயிர் கொடுத்தது தங்கவயலே. அங்கு அதன் ஆசிரியராக இருந்தவர் ஜி. அப்பாதுரையார். தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை மறுபடி அச்சிட்டது. தலைநகரில் தோன்றிய எண்ணத்தைச் சுரங்கத் தொழிலாளர் ஊர் காத்துக்கொடுத்தது.

1930-இல் சுரங்க நிர்வாகம் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டது. குற்றவாளியை நடத்துவதுபோல் தம்மை நடத்துவதா என்று கொதித்தெழுந்த தொழிலாளர்கள் 21 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதனை நரசுவோ சங்கமோ நடத்தியதாகக் கூறுவது மிகையாகும். எனினும் கால் நூற்றாண்டாக மனித மாண்பைப் பற்றிக் கேட்டும் படித்தும் வந்த ஓர் ஊர், தன் விரலில் மை பூசப்படுவதை அவமானமாக உணர்ந்ததில் வியப்பில்லை.

1934-இல் நரசு காலமானார். அவருடைய ‘பௌத்தத்தின் சாரம்’ படிகள் கிடைப்பது அரிதாகியிருந்த நிலையில், 1948-இல் டாக்டர் அம்பேத்கர் அதன் மூன்றாம் பதிப்பைத் தாமே முன்னுரை எழுதி வெளியிட்டார். பௌத்தத்தை அறிய விரும்பித் தம்மிடம் நூல் கேட்டவர்களுக்கு அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது, சென்னைக் கல்லூரி ஒன்றின் அறிவியல் ஆசிரியர் எழுதிய இந்நூலையே. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1956 அக்டோபர் 14 அன்று, நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். தங்கவயலில் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்த வழியில் நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.